ஹைலைட் எங்கே தொலைந்தது? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

ஜன்னல் முழு வெள்ளையாகிவிட்டது, வானம் பர்ன் ஆகிவிட்டது, நெற்றியில் ஒரு பக்கம் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. இப்படி ஏதாவது கண்ணில் பட்டதும் பெரும்பாலானவர்கள் கேமரா மெனுவுக்குள் போய் பிக்சர் ப்ரொஃபைலை (பிரகாசத்தையும் நிறத்தையும் கேமரா எப்படிப் பதிய வேண்டும் என்ற அமைப்பை) மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஹைலைட்டின், அதாவது படத்தின் மிகப் பிரகாசமான பகுதியின், விவரம் தொலைந்தது எந்தக் கட்டத்தில்?

தொலைவதற்கு மூன்று இடங்கள்தான் இருக்கின்றன. சென்சாரிலேயே வெளிச்சம் நிரம்பி வழிந்திருக்கலாம். சென்சார் பிடித்ததை ப்ரொஃபைலின் காமா வளைவு (வெளிச்சத்தைச் சிக்னலாக மாற்றும் கணக்கு) நசுக்கியிருக்கலாம். இரண்டும் சரியாக நடந்து, ஃபைலில் பத்திரமாக இருப்பதை எடிட்டில் போட்ட லட் (நிறத்தையும் பிரகாசத்தையும் மாற்றும் அட்டவணைக் கோப்பு) வெட்டியிருக்கலாம். மூன்றும் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். மருந்து மட்டும் வேறு வேறு. இடம் தெரியாமல் அமைப்பை மாற்றினால், நன்றாக இருந்த இன்னொன்று கெடும்.

முதலில் இந்தச் சோதனை

ஷாட்டை டாவின்சி ரிசால்வ் மாதிரியான மென்பொருளில் திறந்து, லட், கலர் மேனேஜ்மென்ட், எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பிரகாசத்தைக் கோடாகக் காட்டும் வரைபடமான வேவ்ஃபார்மைத் திறந்து, பிரச்சினை இருக்கும் பகுதியைப் பாருங்கள். இப்போது கெயினை (பிரகாசத்தை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டை) மெதுவாக இறக்குங்கள்.

மேலே ஒட்டிக்கொண்டிருந்த கோடு இறங்கும்போது விரிந்து, ஜன்னல் கம்பியும் மேகத்தின் ஓரமும் தெரிய ஆரம்பித்தால் விவரம் ஃபைலில் இருக்கிறது. உங்கள் பிரச்சினை எடிட்டில். கோடு அப்படியே தட்டையாக இறங்கி, வெள்ளை சாம்பலாக மட்டும் மாறினால் அது சென்சாரிலேயே போய்விட்டது. கோடு தட்டையாக இல்லாமல், ஆனால் மிக ஒல்லியாக, உள்ளே ஏதோ இருப்பதுபோல் நெருங்கிக் கிடந்தால் அது வளைவு நசுக்கியது. பாதி மீட்கலாம்.

இந்த மூன்று வடிவங்களும் கண்ணுக்குப் பழகிவிட்டால் மீதி எல்லாம் வேகமாக நடக்கும்.

அறிகுறி: ஸீப்ரா வரவே இல்லை, ஆனாலும் வானம் கிளிப் ஆகியிருக்கிறது

ஸீப்ரா என்பது, நாம் வைத்த அளவைத் தொட்ட இடத்தில் கேமரா திரையில் வரும் கோடுகள்; கிளிப் என்பது அதற்கு மேல் ஏற முடியாமல் விவரம் வெட்டுப்படுவது. லாக்கில், அதாவது அதிக வெளிச்ச வீச்சைத் தட்டையாக அடக்கிப் பதியும் காமாவில், எடுப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

சோனியின் எஸ்-லாக்3 வளைவில் 18 சதவீத நடு சாம்பல் 41 சதவீதத்தில் நிற்கும். 90 சதவீத வெள்ளை, அதாவது சாதாரண வெள்ளைத்தாள், 61 சதவீதத்தில். அதற்கு மேல் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் (வெளிச்சம் ஒரு முறை இரட்டிப்பாவதற்கும்) கோடு ஏறக்குறைய 9 சதவீதம் ஏறும். பேஸ் ஐஎஸ்ஓவில், அதாவது கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓவில், நடு சாம்பலுக்கு மேல் 6 ஸ்டாப் இருக்கும் கேமரா என்றால் 41 உடன் 54 சேர்த்துப் பாருங்கள், 95 பக்கம் வரும். எஸ்-லாக்3க்கு ஸீப்ராவை ‘94+’ என்று வைக்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது வெயில் அதிகமாக இருக்கிறது, என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) கைவசம் இல்லை என்று ஐஎஸ்ஓவைப் பேஸுக்குக் கீழே ஒரு ஸ்டாப் இறக்குகிறீர்கள். சில கேமராக்களில் அந்த எண்கள் மெனுவில் மேலும் கீழும் கோடு போட்டுக் காட்டப்பட்டிருக்கும். சென்சார் நிரம்பும் அளவு மாறவில்லை. அதிலிருந்து வந்த சிக்னலைக் கேமரா ஒரு ஸ்டாப் குறைத்து எழுதுகிறது, அவ்வளவுதான். ஆக, கிளிப் ஆகும் இடமும் ஒரு ஸ்டாப் கீழே, 85 சதவீதம் பக்கம் வந்துவிடும். ஸீப்ரா 94இல் காத்திருக்கிறது. அது ஒருபோதும் எரியாது. வானம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

வேவ்ஃபார்மில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கிளிப் ஆன கோடு உச்சியில் இல்லாமல், நடுவழியில் கத்தியால் வெட்டியதுபோல் சமமாக நிற்கும். பானாசோனிக் ஜிஹெச்5இன் வி-லாக் எல் பேஸ் நிலையிலேயே 80 சதவீதம் பக்கம் முடிந்துவிடும் என்பதால், அதில் ஸீப்ராவை 95இல் வைத்தவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுவார்கள்.

தீர்வு, உங்கள் கேமராவின் உச்சியை நீங்களே அளந்துகொள்வது. எரியும் பல்பு ஒன்றை ஃப்ரேமில் வைத்து, லென்ஸின் ஐரிஸை முழுக்கத் திறந்து, வேவ்ஃபார்ம் எங்கே ஏற மறுக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணுக்கு 2 சதவீதம் கீழே ஸீப்ராவை வையுங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனியாக இதைச் செய்யுங்கள். பேஸ் ஐஎஸ்ஓவை விட்டு இறங்க வேண்டாம். வெளிச்சம் அதிகம் என்றால் என்டிதான் வழி. சோனி எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்6 இரண்டிலும் எஸ்-லாக்3இன் பேஸ் 800 மற்றும் 12800.

அறிகுறி: ஹைலைட்டைக் காப்பாற்ற ஐஎஸ்ஓவைக் குறைத்தேன், முன்பைவிட மோசம்

முந்தைய பிரச்சினையின் இன்னொரு முகம் இது. ஐஎஸ்ஓ குறைந்தால் ஹைலைட்டுக்கு இடம் கூடும் என்ற எண்ணம் ஸ்டில் போட்டோகிராஃபியிலிருந்து வருகிறது. சினிமா கேமராவில் நடப்பது நேர் எதிர். சென்சாரின் மொத்த வீச்சு மாறாது. நடு சாம்பலை அந்த வீச்சுக்குள் எங்கே உட்கார வைக்கிறோம் என்பதுதான் மாறும். ஐஎஸ்ஓ குறைத்து, அதற்கேற்ப ஐரிஸைத் திறந்தால் நடு சாம்பல் மேலே நகர்கிறது. நிழலுக்கு இடம் கூடுகிறது, ஹைலைட்டுக்குக் குறைகிறது.

பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே, 6கே கேமராக்களில் 100 முதல் 1000 வரை உள்ள ஐஎஸ்ஓக்களுக்கு 400தான் அடிப்படை. 1250 முதல் மேலே 3200. பளீர் வெயிலில் 100 வைத்தால் 400ஐவிட இரண்டு ஸ்டாப் ஹைலைட் குறையும். மேகமும் வெள்ளைச் சட்டையும் முக்கியமான காட்சி என்றால் 400க்குக் கீழே போகாமல், முடிந்தால் 800 வைத்து என்டி போடுங்கள். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அதுதான் சரி.

சோனியின் சினி இஐ (எக்ஸ்போஷர் இண்டெக்ஸ்) முறை இதைத் திரையிலேயே எழுதிக் காட்டுகிறது. ‘800இஐ/6.0இ’ என்றால் நடு சாம்பலுக்கு மேல் 6 ஸ்டாப் இருக்கிறது என்று பொருள். இஐயை 400 ஆக்கினால் 5.0இ, 1600 ஆக்கினால் 7.0இ. நிழல் சுத்தமாக வேண்டும் என்று எப்போதும் 400இல் எடுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. உள்ளரங்கக் காட்சிக்குச் சரி. ஜன்னலோரக் காட்சியிலும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால், போன ஒரு ஸ்டாப் திரும்பி வராது. இதைக் காட்சிக்குக் காட்சி மாற்றத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இஐயில் மேலே போனால் நிழலில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். இருட்டான மூலைகள் நிறைய உள்ள ஃப்ரேமில் 1600 நல்ல தேர்வு அல்ல.

அறிகுறி: கேமரா மானிட்டரில் இருந்த மேகம் எடிட்டில் இல்லை

நல்ல செய்தி. பெரும்பாலும் இது முழுவதும் மீட்கக்கூடியது.

முதல் சந்தேகம் லட்டின் இடம். சாதாரண லட் ஃபைல் 0 முதல் 1 வரை உள்ள மதிப்புகளுக்குத்தான் எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேல் வருவதை வெட்டிவிடும். லட்டுக்குப் பின்னால் கெயினை இறக்கினால் வெட்டியதைத்தான் இறக்குகிறீர்கள். திருத்தத்தை லட்டுக்கு முன்னால் உள்ள நோடுக்கு (திருத்தப் படிக்கு) மாற்றுங்கள். மேகம் அப்படியே திரும்பி வரும். அதைவிட நல்ல வழி, லட்டை விட்டுவிட்டு கலர் ஸ்பேஸ் ட்ரான்ஸ்ஃபார்ம் போட்டு, அதில் டோன் மேப்பிங்கை இயக்குவது. அது உச்சியை வெட்டாமல் மெல்ல வளைத்து இறக்கும்.

இரண்டாவது சந்தேகம் டேட்டா லெவல், அதாவது சிக்னல் எந்த எண்களுக்குள் எழுதப்படுகிறது என்பது. 10 பிட்டில் வீடியோ லெவல் என்பது 64 முதல் 940 வரை. ஃபுல் லெவல் முழு 0 முதல் 1023. ஃபைல் ஃபுல்லாக இருக்க, மென்பொருள் அதை வீடியோவாக எடுத்துக்கொண்டால் சிக்னல் இரு பக்கமும் இழுபடும். இதைக் கிரே கார்டை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஏமாறுவீர்கள். எஸ்-லாக்3இல் நடு சாம்பலின் எண் 420. தவறாக இழுபட்டாலும் அது 416க்குத்தான் போகும், கண்ணுக்கே தெரியாது. வித்தியாசம் தெரியும் இடம் அடியும் நுனியும். லென்ஸை மூடி ஒரு சில நொடி எடுத்த கிளிப்பை வேவ்ஃபார்மில் பாருங்கள். எஸ்-லாக்3இல் கறுப்பு 95க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 36 பக்கம் கிடந்தால் சிக்னல் இழுபட்டிருக்கிறது. அதே நேரம் உச்சியில் 892இல் இருக்க வேண்டியது 967க்கு ஏறியிருக்கும். அதன் மேல் லட் போட்டால் மேகம் எரிந்துபோகும். ரிசால்வில் கிளிப் ஆட்ரிபியூட்ஸுக்குள் டேட்டா லெவலை வீடியோவிலிருந்து ஃபுல்லுக்கு மாற்றிப் பாருங்கள்; கறுப்பு 95க்கு வந்தால் முடிந்தது.

லென்ஸை மூடிய அந்தக் கிளிப்பை ஒவ்வொரு ஷூட்டிலும் முதல் வேலையாக எடுத்துவைப்பது நல்லது. டிஐயில் (நிறம் சரிசெய்யும் கட்டத்தில்) உட்காரும் கலரிஸ்ட்டுக்கு அதைவிடத் தெளிவான தகவல் கிடைக்காது.

மூன்றாவது, லாக் அல்லாத ப்ரொஃபைல்களில் 100க்கு மேல் 109 வரை பதிவாகும் சூப்பர் ஒயிட். சோனியின் சினி1 காமா 109 வரை போகும்; சினி2 100க்குள் நின்றுவிடும். சினி1இல் எடுத்ததை எதுவும் செய்யாமல் எக்ஸ்போர்ட் செய்தால் அந்த 9 சதவீதம் கண்ணில் படாமலே வெட்டுப்படும். கெயினைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

அறிகுறி: கன்னத்திலும் நெற்றியிலும் பிளாஸ்டிக் மாதிரி ஒரு திட்டு

லாக் இல்லாமல் ஆர்இசி.709 (சாதாரண டிவி தரம்) வகை ப்ரொஃபைலில் எடுக்கும்போது வருவது. வியர்வையோ எண்ணெய்ப் பசையோ மின்னும் இடத்தில் தோலின் நிறம் மஞ்சளாக வெளுத்து, விளிம்பு தெரிகிற ஒரு திட்டாக நிற்கும். சென்சார் கிளிப் ஆகவில்லை. மெனுவில் இருக்கும் நீ (knee) பாயிண்ட், அதாவது வளைவு மடங்கும் புள்ளி, தோலுக்கு நடுவே விழுந்திருக்கிறது. அந்தப் புள்ளிக்குக் கீழே சிக்னல் இயல்பாக ஏறுகிறது. அதற்கு மேல் திடீரென்று சரிவு குறைந்து நசுங்குகிறது. முகத்தின் ஒரு பாதி புள்ளிக்குக் கீழே, மறு பாதி மேலே என்றால் திட்டு தெரியாமல் என்ன செய்யும்?

சோனி ஆல்ஃபா, எஃப்எக்ஸ் வகைகளில் நீ மேனுவலில் பாயிண்ட் 75 முதல் 105 சதவீதம் வரையும், ஸ்லோப் -5 முதல் +5 வரையும் இருக்கும். -5 பக்கம் போகப் போக அதிகம் நசுக்கும். ஜன்னலில் கொஞ்சம் விவரம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று பாயிண்ட்டை 75க்கும் ஸ்லோப்பை -5க்கும் கொண்டுபோவதுதான் இந்தத் திட்டுக்கு நேர் காரணம். பாயிண்ட்டை 85, 90க்கு ஏற்றி, ஸ்லோப்பை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஜன்னலை என்டி ஜெல்லாலோ திரைச்சீலையாலோ கட்டுப்படுத்துங்கள். முகத்தை விற்று ஜன்னலை வாங்குவது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

நீ ஆட்டோவில் இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஃப்ரேமுக்குள் வந்தால் வளைவு மாறலாம். பின்னணி லேசாக மூச்சுவிடும். ஷாட்டுக்கு ஷாட் வெள்ளை பொருந்தவில்லை என்று புகார் வந்தால் முதலில் இதை மேனுவலாக்குங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சினி, எஸ்-லாக் காமாக்களில் ஆட்டோ நீ வேலை செய்யாது, அங்கே வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

ஒரே புள்ளியில் மடங்கும் நீயைவிட, முழு நீளத்துக்கும் மெல்ல வளையும் காமா தோலுக்கு எப்போதும் நல்லது. சினி1, எஸ்-சினிடோன் இரண்டும் அந்த வகை. சோனியின் பெரிய கேமராக்களில் ஹைப்பர்காமா என்று வரும். அதன் பெயரிலேயே விவரம் இருக்கிறது: எச்ஜி4609ஜி33 என்றால் 460 சதவீத வீச்சு, உச்சி 109, நடு சாம்பல் 33 சதவீதம். எச்ஜி3250ஜி36 என்றால் 325 சதவீதம், உச்சி 100, சாம்பல் 36. கிரே கார்டை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அந்தக் கடைசி இரண்டு இலக்கங்களே பதில்.

இதோடு சேர்த்து ஒன்று. தோலுக்கு ஸீப்ரா 70 என்று பழைய கையேடுகள் எல்லாம் சொல்லும். அது வெளிர் தோலை மனதில் வைத்து எழுதியது. மாநிறமும் கருநிறமும் நடு சாம்பலை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இயல்பாக நிற்கும். அந்த முகத்தை 70க்கு இழுத்தால் தோலின் அழகான ஆழம் போய்விடும், பின்னால் இருக்கும் ஜன்னலும் சேர்ந்து போகும். முகத்தை அதன் இடத்தில் விட்டுவிட்டு கிரே கார்டை நம்புங்கள். ஹைலைட் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி: வெள்ளை அழுக்குச் சாம்பலாக இருக்கிறது, பளிச்சென்று இல்லை

லாக்கில் வெள்ளைத்தாள் 61இல் இருப்பது பிழை அல்ல. லட் போட்ட பிறகும் சாம்பலாகவே இருந்தால்தான் பிழை. அநேகமாக ஹைலைட்டுக்குப் பயந்து இரண்டு ஸ்டாப் அண்டராக எடுத்திருப்பீர்கள். லட்டுக்கு முன்னால் ஏற்றினால் வெள்ளை வந்துவிடும். கூடவே நாய்ஸும் வரும்.

எச்எல்ஜியில் (எச்டிஆர் டிவிக்கான காமாவில்) எடுத்து சாதாரண 709 டைம்லைனில் போட்டிருந்தாலும் இதே தோற்றம்தான். எச்எல்ஜியில் சாதாரண வெள்ளையின் இடமே 75 சதவீதம். முறையாக மாற்றிப் பயன்படுத்துங்கள், கான்ட்ராஸ்ட்டைக் கையால் இழுக்காதீர்கள்.

அறிகுறி: எரிந்த இடம் ரோஸ் நிறமாகிறது

ரா ஃபைலில், அதாவது சென்சார் தந்ததை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் ஃபைலில், வருவது. பகல் வெளிச்சத்தில் சென்சாரின் பச்சை பிக்சல்கள்தான் முதலில் நிரம்பும். பச்சை நின்றுவிட, ஒயிட் பேலன்ஸுக்காகச் சிவப்பையும் நீலத்தையும் மென்பொருள் பெருக்கும்போது அவை பச்சையைத் தாண்டிவிடும். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் மெஜந்தா. ரிசால்வின் கேமரா ரா பகுதியில் ஹைலைட் ரெகவரி என்று ஒரு டிக் இருக்கும். நிரம்பாத சேனலில் மிச்சமிருக்கும் தகவலை வைத்து அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும். மேகத்துக்கு நன்றாக வேலை செய்யும். முகத்தில் எரிந்துபோன இடத்துக்கு இதை நம்பாதீர்கள், நிற விளிம்பு விட்டுவிடும்.

நிறம் ஃபைலிலேயே பதிந்துவிட்டால் லூமா வெர்சஸ் சாச்சுரேஷன் வளைவில் உச்சியை மட்டும் இறக்குங்கள். விவரம் வராது, வெள்ளையாவது வெள்ளையாக இருக்கும்.

அறிகுறி: நீல எல்இடி அடித்த மேடையில் முகமே ஒரு நீலத் திட்டு

எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தாலும் போகாத ஹைலைட் இது. ஸீப்ராவும் எரியாது, ஏனென்றால் ஸீப்ரா பார்ப்பது பிரகாசத்தை. நீலம் பிரகாசக் கணக்கில் மிகக் குறைவாகவே சேரும். உள்ளே நீல சேனல் தனியாக உச்சியில் முட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக வரையும் ஆர்ஜிபி பரேடு ஒன்றுதான் இதைக் காட்டும். மேடை நிகழ்ச்சி, பாட்டுக் காட்சி என்றால் வேவ்ஃபார்மை மூடிவிட்டுப் பரேடைத் திறந்து வையுங்கள். நீலம் முட்டாதபடி ஐரிஸை வையுங்கள். விளக்குக் கட்டுப்பாட்டில் இருப்பவரிடம் அந்த நீலத்தில் கொஞ்சம் வெள்ளை கலக்கச் சொன்னால் முகத்தின் வடிவம் உடனே திரும்பி வரும்.

எடுத்து முடித்ததை எடிட்டில் சரிசெய்ய வேண்டும் என்றால், சேனல் முட்டாமல் நிறம் மட்டும் 709 எல்லையைத் தாண்டியிருக்கும் நிலையில் கேமட் கம்ப்ரெஷன் (எல்லை தாண்டிய நிறங்களை உள்ளே இழுப்பது) உதவும். ஏசஸ் 1.3 என்ற நிற மேலாண்மை முறையில் இதற்கென்றே ரெஃபரன்ஸ் கேமட் கம்ப்ரெஷன் இருக்கிறது. ரிசால்விலும் தனி எஃபெக்டாக உண்டு. லட்டுக்கு முன்னால் போடுங்கள். பரேடில் நீலம் தட்டையாக நின்றிருந்தால் அதுவும் கைகொடுக்காது.

அறிகுறி: வானத்தில் படிப்படியாகக் கோடுகள்

8 பிட்டில் லாக் எடுத்தால் இதுதான் கிடைக்கும். எஸ்-லாக்3இல் ஒரு ஸ்டாப்புக்கு 10 பிட்டில் ஏறக்குறைய 79 படிகள் கிடைக்கின்றன. 8 பிட்டில் வெறும் 20. மாலை வானம் முழுவதும் ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கிவிட்டால் அந்த 20 படிகளை கான்ட்ராஸ்ட் கூட்டி இழுக்கும்போது ஒவ்வொன்றும் பட்டையாகத் தெரியும். கேமராவில் 10 பிட் இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் அந்தக் கேமராவில் எஸ்-லாக்3ஐ மறந்துவிட்டு சினி1 போன்ற மிதமான காமாவில் எடுங்கள். ஏற்கெனவே எடுத்ததற்கு, டீபேண்ட் எஃபெக்ட் போட்டு மேலே மெல்லிய கிரெய்ன் சேர்க்கலாம்.

அறிகுறி: சூரியனின் நடுவில் கறுப்புப் புள்ளி

சில சிமாஸ் சென்சார்களில் வருவது, பிக்சர் ப்ரொஃபைலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சென்சார் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டு முறை படிக்கிறது: காலியாக இருக்கும்போது ஒரு முறை, வெளிச்சம் விழுந்த பிறகு ஒரு முறை. இரண்டையும் கழித்து வருவதுதான் படம். சூரியன் அளவுக்கு வெளிச்சம் விழும்போது காலியாக இருக்க வேண்டிய அளவீட்டிலேயே சிக்னல் வழிந்து நிறைந்துவிடும். நிறைந்ததிலிருந்து நிறைந்ததைக் கழித்தால் பூஜ்யம், அதாவது கறுப்பு. கேமராவுக்குப் புதிய ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதில் சரிசெய்யப்பட்டிருக்கலாம். இல்லையென்றால் புள்ளி மறையும் வரை என்டியை ஏற்றுங்கள். எடுத்துவிட்ட ஷாட்டில் ட்ராக்கருடன் ஒரு சின்ன விண்டோ போட்டு அந்த இடத்தை வெள்ளையாக நிரப்பிவிடலாம்; சூரியனுக்குள் வேறு விவரம் எதுவும் இல்லை என்பதால் ஒட்டு தெரியாது.